எழுபத்தொன்றிலிருந்து அறுபது வரை

போன மாதம் பெருங்களத்தூரிலிருந்து ஒரு ஃபோன். நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் இருக்கும் ராதிகா. புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதாம். மோட்டாரைக் காக்கிற கருவியைப் பட்டியலிலிருந்து இழுத்துத் திரையில் போட்டால் போதுமாம், செட்டிங் எல்லாம் தானே வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். “சார், சைட்டுக்குப் போய் ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணணும்னு செக்லிஸ்ட்ல ஒரு பக்கம் இருக்கே, அதை எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. நீங்கதான் எழுதினீங்களாம். ஏன்னு இங்க யாருக்கும் தெரியல” என்றாள்.

அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஃபோனில் சொல்ல வராது அது. எழுதித்தான் பார்க்க வேண்டும்.

ஐம்பத்து மூன்றில் விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டுக்கு இரண்டு தெரு உள்ளே. உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. காலையில் நடக்கக் கிளம்பினால் டிரான்ஸ்ஃபார்மர் முனகும் இடத்தில் கால் தானாக நிற்கும். மாவு மில்லில் மோட்டார் திணறினால் காது திரும்பும். நாளெல்லாம் ஏதோ ஒன்று எங்கோ சூடாகிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு. வேலை போய்விட்டது, அந்தக் காது மட்டும் போகவில்லை.

படிப்பு டிப்ளமோ. முதல் மூன்று வருஷம் ஒயர் உரித்தேன், நுனியில் லக் என்கிற செம்பு முனை வைத்து நசுக்கினேன், எண் போட்ட வளையம் மாட்டினேன். அடுத்த நான்கு வருஷம் பேனல் என்கிற சுவிட்ச் அலமாரிகளுக்குப் படம் வரைந்தேன். பிறகு கையில் ஒரு கனமான லேப்டாப்பைக் கொடுத்து, இனிமேல் நீ புரோக்ராம் எழுது என்றார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

இரண்டாயிரங்களின் பின்பாதி. மின்வெட்டுக்கு எல்லோரும் நேரம் பார்த்து வாழ்ந்த வருஷங்கள். முடிச்சூரில் வயல் வரப்புகளுக்கு நடுவே மனைக் கற்கள் முளைத்துக்கொண்டிருந்தன. நெல்லும் வெள்ளைக் கல்லும் ஒரே பாத்தியில் நின்றன. அந்த ரோட்டின் கடைசியில் ஓர் அட்டை ஆலை. ஊர் தூக்கிப்போட்ட அட்டைப்பெட்டிகளெல்லாம் லாரியிலும் டிராக்டரிலும் வந்து இறங்கும். ஷ்ரெட்டர் அவற்றைக் கிழித்துத் துண்டாக்கும். துண்டு கூழாகி, கூழ் தாளாகி, புது அட்டையாக மறுபடி ஊருக்குப் போகும்.

பழைய பேனல்களைக் கழற்றிவிட்டு, ஆலை முழுவதையும் ஒரே கன்ட்ரோலரின் கீழ் கொண்டுவருவது எங்கள் வேலை. மாடியில் கன்ட்ரோல் ரூம், அதில் மோட்டார்களுக்கு ஓடு, நில் என்று கட்டளை கொடுக்கும் கன்ட்ரோலர். கீழே முற்றத்துக்கு அந்தப் பக்கம் பேனல் ரூம். அங்கே ஒவ்வொரு மோட்டாருக்கும் கையகலக் கருவி ஒன்று. மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஓயாமல் பார்க்கும். அதை வைத்தே மோட்டாரின் சூட்டைக் கணக்கிட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும். நூறைத் தொட்டால் மோட்டாரை நிறுத்திவிடும். டிரிப் என்போம். இதையெல்லாம் ஊதா நிறக் கேபிள் ஒன்றின் வழியாகக் கன்ட்ரோலரிடம் பேசும்.

பேச வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கருவி ஒரு கம்பெனியுடையது, கன்ட்ரோலரின் சாஃப்ட்வேர் இன்னொரு கம்பெனியுடையது. கருவி யார், அதற்கு எத்தனை வாய், எத்தனை காது என்று சொல்லும் சிறிய ஃபைல் ஒன்றை சாஃப்ட்வேருக்குள் ஏற்ற வேண்டும். எண் கொடுக்க வேண்டும். அனுப்புவது இத்தனை பைட், வாங்குவது இத்தனை பைட் என்று இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். மூன்று நாள் தொடர்பு விளக்கு சிவப்பாகவே எரிந்தது. நாலாம் நாள் பச்சை. ஆனால் பைட் முன்பின்னாக மாறி, சின்னப் பம்ப் ஒன்று ஆயிரக்கணக்கில் ஆம்பியர் இழுப்பதாகத் திரை சொன்னது. ஆலை மேனேஜர் தயாளன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, “தாம்பரம் மொத்தத்துக்கும் நாமதான் கரன்ட் குடிக்கறோம் போல இருக்கே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தவறு அப்படிக் கண்ணில் குத்துகிற மாதிரி வந்தால் நல்லது. கண்ணுக்குப் படாமல் உள்ளே போய் உட்காரும் தவறும் உண்டு. அன்றே அதையும் செய்து வைத்திருந்தேன், எனக்குத்தான் தெரியாது.

அதைச் சொல்லுமுன் ஷ்ரெட்டரையும் கன்னியப்பனையும் சொல்ல வேண்டும்.

கன்னியப்பன் கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி முடிச்சூருக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஷ்ரெட்டரின் வாயருகே அவர் இடம். அட்டையோடு பெட்டியைக் கட்டிய நைலான் பட்டையும் வரும். அது கிழியாது, உள்ளே சுழலும் உருளையில் பாம்பு மாதிரி சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற உருளை இறுகி, மோட்டார் திணறி, டிரிப் ஆகும். வாயின் மேல் சிவப்பு விளக்கு எரியும். அப்போது கன்னியப்பன் பக்கத்துக் கதவைத் திறந்து, தோள்வரை கையை விட்டு, வலை அறுக்கிற வளைந்த கத்தியால் பட்டையை ஒவ்வொரு சுற்றாக அறுத்து இழுப்பார். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. முகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், விரல்கள்தான் உள்ளே பார்க்கும்.

பழைய பேனலில் இருந்தது சுமை மிஞ்சினால் மின்சாரத்தை வெட்டுகிற வெறும் ஓவர்லோடு ரிலே. டிரிப் ஆனால், யாராவது பேனல் ரூமுக்கு நடந்துபோய் நீலப் பொத்தானை விரலால் அழுத்தினால்தான் மீளும். அழுத்தின கணமே ஷ்ரெட்டர் ஓடும். ஆலைக்காரர்கள் அதைச் சுற்றி ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் கையை உள்ளே விட்டாரோ அவர்தான் பொத்தானை அழுத்த வேண்டும். வேறு யாரும் அந்தப் பொத்தான் பக்கம் போக மாட்டார்கள், மேனேஜரே சொன்னாலும். மெயின் கைப்பிடியை இறக்கிவிட்டுக் கை வை என்று சுவரில் ஆங்கிலத்தில் ஒரு போர்டு தொங்கியது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. சிவப்பு எரிகிறவரை இயந்திரம் செத்தது. பன்னிரண்டு வருஷமாக ஒரு விரலுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. கை விடுகிறவர்களை நான் கேட்கவில்லை. மேனேஜரிடம் கேட்டேன். அவர், பழைய பேனல் மாதிரியே ரீசெட் பண்ணினதும் உடனே ஓடணும், திரும்ப மாடியிலிருந்து ஸ்டார்ட் கொடுக்கிற வேலையெல்லாம் கூடாது என்றார். சரி என்று, டிரிப் ஆனாலும் கன்ட்ரோலரின் ஓடு என்கிற கட்டளை அப்படியே நிற்கும்படி எழுதினேன். கருவியின் உள்ளே ரீசெட் முறை என்று ஒரு வரி இருக்கும். கையால் என்றும் வைக்கலாம், ஆறினதும் தானாக என்றும் வைக்கலாம். கருவிக்காரன் கொடுத்த தனி சாஃப்ட்வேரைத் திறந்து, கேபிளைச் செருகி, கையால் என்று வைத்தேன். பேனல் கதவில் பொத்தானும் வைத்தேன். டிரிப் ஆக்கினேன், நின்றது. காத்திருந்தேன், அசையவில்லை. பொத்தானை அழுத்தினேன், ஓடியது. நோட்டில் டிக் போட்டேன்.

செய்யாதது ஒன்றுதான். அதே கேள்விக்கு இன்னொரு இடத்திலும் பதில் எழுதியிருந்தது. கன்ட்ரோலரின் சாஃப்ட்வேரில் கருவியைச் சேர்த்தபோது அதற்கென்று ஒரு பக்கம் திறந்தது. அதில் வரிசையாகச் செட்டிங்குகள், தயாரித்தவன் வைத்தபடியே. ரீசெட்: தானாக. கன்ட்ரோலர் செத்துப் பிழைத்து எழும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைக் கருவிக்கு அனுப்பும். கருவி தன்னிடம் இருப்பதை அழித்துவிட்டு அதை ஏற்றுக்கொள்ளும். ஏற்காதே என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் நான் டிக் போடவில்லை. ஆலையில் ஜெனரேட்டரும் யூ.பி.எஸ்.ஸும் இருந்தன, எத்தனை மின்வெட்டு வந்தாலும் கன்ட்ரோலர் அணையவில்லை. என் தவறு இரண்டு மாதம் மூச்சுவிடாமல் படுத்திருந்தது.

ஒப்படைக்கும் நாள் வந்தது. என் மேலதிகாரி சுகுணா மேடம் கையெழுத்துக்காக வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். குரல் உயர்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை. திட்டமாட்டார். ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அந்தச் சும்மாவில் வேர்த்துவிடும். ரிப்போர்ட்டைக் கொடுத்தால் வாங்க மாட்டார். எழுதினவரே வாய்விட்டு வாசிக்க வேண்டும். “கண்ணு தாண்டிப் போயிடும், வாய் தாண்டாது” என்பார். கம்பெனியில் அவருக்கு வாத்தியாரம்மா என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் தெரியும்.

மதியம் மூன்று மணி இருக்கும். மாடியில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். மோட்டார் மோட்டாராக. எண், ஆம்பியர், டிரிப் நேரம், ரீசெட். மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஷ்ரெட்டர் வந்தது.

“ரீசெட்?”

“கையால், மேடம்.”

“எதைப் பாத்து வாசிக்கறீங்க, முரளி?”

“என் நோட்டைத்தான்.”

அவர் கண்ணைத் திறந்தார். அந்தச் சும்மா. பிறகு, “கருவியைப் பாத்து வாசிங்க” என்றார்.

கன்ட்ரோலர் வழியாகக் கருவிக்குள் போய் அதில் இருப்பதைத் திரைக்கு இழுத்தேன். அது மெதுவாக வரும், ஒவ்வொரு வரியாக. ரீசெட் வரி வந்தது. தானாக. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தானாக. அதற்குக் கீழே இன்னொரு வரி: சூடு அறுபதுக்கு இறங்கியதும்.

எப்படி மாறியது என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆபரேட்டர், விடியற்காலையில் யூ.பி.எஸ்.ஸுக்குப் பேட்டரி மாற்ற ஆலையை நிறுத்தி எல்லாவற்றையும் அணைத்து எழுப்பியதாகவும், மதியம்தான் மறுபடி ஓடத் தொடங்கியதாகவும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. உள்ளே எல்லாக் கதவும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. எழும்போது அனுப்பும் பக்கம். போடாத டிக். நிற்கிற கட்டளை.

சரி, மாற்றிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் திரையின் மேல்மூலையைப் பார்த்தேன். ஷ்ரெட்டர், டிரிப். சூடு எழுபத்தொன்று.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபது ஆனது.

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கன்னியப்பன் பக்கத்துக் கதவோடு ஒட்டி நின்றிருந்தார். வலது கை தெரியவில்லை. தோள் வரை இல்லை. முகம் டிராக்டரிலிருந்து அட்டை இறக்குகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அறுபத்தொன்பது.

மேடம் திரையையும் பார்த்தார், ஜன்னலையும் பார்த்தார். ஒன்றும் விளக்கச் சொல்லவில்லை. “எல்லாத்தையும் நிறுத்துங்க” என்றார்.

கன்ட்ரோலரில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதைத் தள்ளினால் ஆலையே நின்றுவிடும். உருளைகளில் ஓடும் ஈரத் தாள் அறுந்து தொங்கும், நீராவி வீணாகும், மறுபடி ஓடவைக்க அரை நாள். தள்ளினேன். ஆலை நின்றது. பல மோட்டார்கள் ஒவ்வொன்றாக மூச்சை இறக்கும் சத்தம், பிறகு இரண்டு மாதத்தில் நான் அங்கே கேட்டிராத அமைதி. எங்கோ ஒரு காகம். டிராக்டர் என்ஜின்.

நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. கன்ட்ரோலரின் குரல் அறுந்துபோனால் கருவி என்ன செய்யும்? அதற்கும் ஒரு வரி உண்டு. நிறுத்து என்றும் வைக்கலாம், கடைசிக் கட்டளையைப் பிடித்துக்கொள் என்றும் வைக்கலாம். நான் வைத்தது நிறுத்து. ஆனால் நான் வைத்தது எதுவும் அங்கே இல்லை என்பதை இப்போதுதானே பார்த்தேன். தொடர்பு அறுந்ததில் திரையிலும் எண் உறைந்துபோயிருந்தது. அறுபத்தெட்டு. உண்மையான எண் கீழே, எனக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். இரும்புப் படி. நடுவில் ஒரு திருப்பம். கைப்பிடிக் கம்பி சுட்டது. முற்றத்தில் டிராக்டர் குறுக்கே நின்றது. சுற்ற நேரமில்லை, டிரெய்லரின் கொக்கியைத் தாண்டினேன், முழங்கால் இடித்தது. எனக்குப் பின்னால், மேலே, மேடத்தின் குரல் கேட்டது. அந்தக் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று எனக்குத் தெரியாது.

“கன்னியப்பன்! கையை வெளியே எடுங்க!”

ஆலை முழுக்க அமைதியாக இருந்ததால் அது மதில்வரை போய்த் திரும்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும்.

பேனல் ரூம். ஷ்ரெட்டருக்கான பெட்டி மூன்றாவது வரிசையில், இடுப்பு உயரம். கதவிலிருந்த குட்டித் திரையில் அறுபத்திரண்டு. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன். இறங்கியது. மோட்டாருக்குப் போகும் மெயின் சப்ளை போனது. கருவிக்கு மட்டும் யூ.பி.எஸ். உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது, எண் இன்னும் எரிந்தது. கைப்பிடியை விடாமல் நின்றேன்.

அறுபத்தொன்று.

அறுபது.

கதவுக்கு உள்ளே டக் என்று ஒரு சத்தம். மோட்டாரை மின்சாரத்தோடு இணைக்கும் கான்டாக்டர் மூடிக்கொள்ளும் சத்தம். முப்பது வருஷத்தில் லட்சம் முறை கேட்ட சத்தம்தான். மோட்டாருக்கு, போ, சுற்று என்று சொல்லியாகிவிட்டது. சொன்னவர் யாருமில்லை. கன்ட்ரோலர் செத்துக்கிடக்கிறது, மாடியில் ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை. கடைசிக் கட்டளையை அது பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, பொறுமையாக, ஆறுவதற்காகக் காத்துக்கொண்டு. கைப்பிடி கீழே இருந்தது. அதனால் சுற்றவில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லை.

கைப்பிடியிலிருந்து விரல்களைப் பிரிக்க நேரமாயிற்று. வெளியே வந்தேன். கன்னியப்பன் அதே இடத்தில் நின்றிருந்தார். கை இன்னும் உள்ளே இருந்தது.

“இன்னா சார், கரன்ட்டு பூடுச்சா?” என்றார்.

மேடம் கூப்பிட்டது கேட்கவில்லையா என்று கேட்டேன். கேட்டதாம். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். “மேல கீற ஆபீஸ்லேந்து நம்மள யாரு சார் கையை எடுங்கன்னு மருவாதியா கூவப்போறாங்க? வேற எவனோ கன்னியப்பன்னு வுட்டுட்டேன். இன்னும் ரெண்டு சுத்துதான் கீது.”

கையை எடுங்கண்ணா என்று மட்டும் சொன்னேன். எடுத்தார். கை முழுவதும் இருந்தது. முழங்கையில் ஒரு நைலான் நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேடம் இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. எத்தனையில் இழுத்தேன் என்று கேட்டார். அறுபத்திரண்டு என்றேன். பிறகு கேட்டார்: “இங்க யார் கை விடறாங்க, எதை நம்பி விடறாங்கன்னு அவங்களைக் கேட்டீங்களா?” இல்லை என்றேன். அதற்குமேல் அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதேயில்லை.

கன்னியப்பனுக்கு நடந்தது புரிய மாலையானது. அவரைப் பேனல் ரூமுக்கே அழைத்துப்போய், மெயினை இறக்கி வைத்துவிட்டு, கருவியில் சோதனைக்காகச் சூட்டின் எண்ணிக்கையை ஏற்றி, அறுபதுக்கு இறங்கவிட்டு, அந்த டக்கைக் கேட்க வைத்தேன். காட்டாமல் விட்டிருக்கலாம். மனம் வரவில்லை. அவர் ஒரு முறைதான் கேட்டார். பிறகு தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

மேனேஜர் தயாளனுக்கு வேறு கவலை. தாள் அறுந்தது, அரை நாள் போனது, மேலிடத்துக்கு எழுத வேண்டும். சுவரில் போர்டு இருக்கிறது, போர்டை மீறி மெயினை இறக்காமல் கை விட்டது கன்னியப்பன் என்று எழுதத் தொடங்கியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். மேடம் அவரிடம் மெதுவாக, முதலில் எங்கள் ரிப்போர்ட் வரட்டும் என்றார். என்னிடம் காகிதம் நீட்டினார்.

மூன்று வரிதான் வந்தது. ரீசெட் செட்டிங்கை ஓர் இடத்தில் மட்டும் மாற்றி, கன்ட்ரோலர் சாஃப்ட்வேரில் மாற்றாமல் விட்டது நான். அணைத்து எழுப்பிச் சோதிக்காதது நான். சிவப்பு விளக்கை நம்பி வேலை செய்தவர் மேல் தவறில்லை. மேடம் வாங்கவில்லை. வாசிக்கச் சொன்னார். கன்ட்ரோல் ரூமில் அல்ல, கீழே முற்றத்தில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் நிற்கும்போது. வாசித்தேன். இரண்டாவது வரியில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். தயாளன் தான் எழுதியதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அது வெளியே வரவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் திருத்தினேன். டிரிப் ஆனால் ஓடு என்கிற கட்டளையும் அறுந்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே பதில். அந்தக் கட்டத்தில் டிக். அணைத்தேன், எழுப்பினேன், கருவியைப் பார்த்து வாசித்தேன். ஊதாக் கேபிளைப் பிடுங்கினேன், வாசித்தேன். எல்லா மோட்டாருக்கும், ஒன்றுவிடாமல். ராதிகா கேட்ட பக்கம் அன்றைக்கு எழுதியதுதான்.

மூன்றாம் நாள் முற்பகலில் ஷ்ரெட்டர் இறுகியது. சிவப்பு எரிந்தது. கன்னியப்பன் கதவைத் திறந்தார், கத்தியை எடுத்தார், நின்றார். கை போகவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அட்டை மலைபோல் குவிந்தது. டிராக்டர்காரர்கள் கேலி செய்யத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். தயாளன் வந்தார். எல்லாம் சரி பண்ணியாச்சே என்றார். முடியாவிட்டால் வீட்டுக்குப் போ, வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

கன்னியப்பன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “வெளக்கு எரிஞ்சா கைய வுட்லாம்னு இருந்தேன் சார். இப்ப இன்னாத்த நம்பி வுட்றது?”

திருத்திவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். எத்தனை முறை சோதித்தேன் என்று சொல்ல நினைத்தேன். அந்தக் கேள்வியின் முன்னால் அதெல்லாம் திரையில் தெரியும் எழுத்துதான்.

அன்று காலைதான் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பூட்டு வாங்கி வைத்திருந்தேன், ஒப்படைக்கும்போது கொடுக்க. அவரையும் அழைத்துக்கொண்டு பேனல் ரூமுக்குப் போனேன். கைப்பிடியை நானே இறக்கினேன். இறங்கின கைப்பிடியின் துளையில் பூட்டைப் போட்டு அழுத்தினேன். ஒரே சாவி. அதை அவர் சட்டைப் பையில் போட்டேன். எதற்கு என்று கேட்டார். வாங்கண்ணா என்றேன்.

ஷ்ரெட்டரின் பக்கத்துக்கு வந்தோம். அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டி, என் வலது கையை உள்ளே விட்டேன். தோள் வரை.

உள்ளே சூடு. எண்ணெயும் ஈர அட்டையும் கலந்த வாடை. உருளையின் பற்கள் விரலில் பட்டன, ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். இந்த இயந்திரத்தின் ஆம்பியர், சூடு, வேகம், எல்லாம் எனக்குத் தெரியும். தொட்டது அன்றுதான். நெஞ்சு அடித்துக்கொண்டது. பூட்டு இருக்கிறது, சாவி அவரிடம் இருக்கிறது என்று தெரிந்தும் அடித்தது. அப்படியானால் பன்னிரண்டு வருஷம் சிரித்துக்கொண்டே இதற்குள் கை விட்ட மனிதர் எதை நம்பியிருந்தார், அதை நான் எவ்வளவு சுலபமாக, ஒரு டிக் போடாமல், எடுத்துவிட்டேன் என்பது அந்த இருட்டில்தான் முழுதாக உறைத்தது. பட்டையைத் தேடினேன். கத்தி வழுக்கியது. ஒரு சுற்றை அறுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெளியே இழுத்தேன், சாண் நீளம் வந்தது.

“சார் இப்டி அறுத்துக்கினு இருந்தா பொங்கலே வந்துடும்” என்று டிராக்டர்காரர் ஒருவர் சொன்னார். யாரோ சிரித்தார்கள்.

கன்னியப்பன் சிரிக்கவில்லை. சட்டைப் பையை மேலிருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டார். “போதும், வெளிய வாங்க சார். அது என் வேலை” என்றார்.

கையை எடுத்துக்கொண்டு கத்தியைக் கொடுத்தேன். சாவியை யாரிடம் கொடுப்பது என்று அவர் ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. தயாளன் கையை நீட்டினார். கன்னியப்பன் கொடுக்கவில்லை. சாவி பையிலேயே இருக்க, கதவோடு ஒட்டி நின்று, கையை உள்ளே விட்டார்.